டார்வின் கற்ற நிலவியல் பாடம்



கடந்த பள்ளி விடுமுறையில் சார்லஸ் டார்வினின் தன்வரலாற்றை மீண்டும் ஒருமுறை படித்தேன். 1876ஆம் ஆண்டில், தம் 67ஆம் அகவையில், தம் பிள்ளைகளும் அவர்தம் பிள்ளைகளும் படிப்பதற்காக அவர் எழுதி வைத்த சிறிய நூல் அது. டார்வின் என்றவுடன் நமக்கெல்லாம் உயிரினங்களின் தோற்றம் பற்றிய கொள்கைதான் நினைவுக்கு வரும். எனக்கோ இம்முறை அவர் நிலவியல் கற்ற கதை மனத்தை விட்டு அகலவில்லை. பல்கலைக்கழகத்தில் தொடக்கநிலைப் பாடத்தைக் கேட்டுவிட்டு, இனி வாழ்நாளில் இத்துறை நூல் ஒன்றைக்கூடத் தொடுவதில்லை என்று உறுதி பூண்ட ஓர் இளைஞர், ஐந்தே ஆண்டுகளில் பாறை உடைக்கும் சுத்தியலோடு கப்பலேறினார். இடையில் நடந்தது என்ன? கற்பிக்கும் தொழிலில் இருக்கும் நாம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு என்பதால் இங்கு எழுத விழைகிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு விளக்கம். நம் நாட்டில் புவியியல் என்றால் இடைநிலைப்பள்ளியில் நாம் படித்த ஜியோகிராபியைக் குறிக்கும். நான் கூறுவது ஜியாலஜி. பாறை, மண், எரிமலை, புதைபடிவம் ஆகியவற்றைக் கொண்டு பூமியின் வரலாற்றை ஆராயும் துறை. இதனை நிலவியல் என்றும் புவியமைப்பியல் என்றும் வழங்குவர். 'நிலாவைப் பற்றிய படிப்பா?' என்று என் மகள் கேட்டாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை.

எடின்பரோவில் ஐந்து மாதங்கள்

டார்வின் 1825ஆம் ஆண்டு அக்டோபரில், 16 அகவையில், மருத்துவம் படிக்க ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்திற்கு அனுப்பப்பட்டார். தந்தை மருத்துவர், பாட்டனாரும் மருத்துவர். மகனுக்கோ அறுவை சிகிச்சையைக் கண்ணால் காணவே முடியவில்லை. (பெற்றோர்களே, இது எங்கேயோ கேட்ட கதைபோல் இருக்கிறதல்லவா?) இரண்டாம் ஆண்டில், 1826-27 குளிர்காலத்தில், அவர் ராபர்ட் ஜேம்சன் என்னும் பேராசிரியரின் இயற்கை வரலாற்று வகுப்பில் சேர்ந்தார். வாரத்திற்கு ஐந்து நாள், ஏறத்தாழ ஐந்து மாதங்கள். விலங்கியலும் நிலவியலும் கனிமங்களும் அப்பாடத்தில் அடங்கும்.

ஜேம்சன் சாதாரணமானவர் அல்லர். 1804 முதல் 1854இல் இறக்கும்வரை, ஐம்பது ஆண்டுகள், அப்பதவியில் இருந்தவர். பிரித்தானியாவின் பெரிய இயற்கை அருங்காட்சியகங்களுள் ஒன்றை வளர்த்தெடுத்தவர். சாக்சனி நாட்டின் ஃபிரைபெர்க் சுரங்கக் கல்விக் கழகத்தில் ஆபிரகாம் வெர்னரிடம் நேரில் பயின்றவர். அந்த வெர்னரைப் பற்றியும் ஒரு சொல் கூறியாக வேண்டும். 1775 முதல் 1817 வரை அங்கே கற்பித்த அவர் எழுதியது மிகக் குறைவு; ஆனால் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் மாணாக்கர் அவரைத் தேடி வந்தனர். ஹம்போல்ட்டும் அவர் மாணவரே. நிறம், பளபளப்பு, கடினம், எடை, கீறினால் விழும் தூளின் நிறம் என்று கண்ணாலும் கையாலும் கனிமங்களை இனங்காணும் முறையை வகுத்துக் கொடுத்தவர் அவர். சுரங்கத்தில் இறங்குவோர்க்கு அது வாழ்வாதாரக் கல்வி.

அதே வெர்னர், ஆதியில் உலகம் முழுவதையும் ஒரு பெருங்கடல் மூடியிருந்தது என்றும் பாறைகளெல்லாம் அந்த நீரிலிருந்து படிந்தும் உறைந்தும் உண்டானவை என்றும் கற்பித்தார். கருங்கல் போன்ற கரிய எரிமலைப் பாறைகள்கூட நீரிலிருந்து வந்தவையே என்பது அவர் வாதம். இதற்கு நேர் எதிரான கருத்து எடின்பரோவிலேயே பிறந்தது. ஜேம்ஸ் ஹட்டன் என்பார், பூமியின் உட்சூட்டால் உருகிய பாறைக்குழம்பு கீழிருந்து மேலே புகுந்து இறுகியே பல பாறைகள் உண்டாயின என்று 1785இல் அந்நகர அரச கழகத்தின்முன் எடுத்துரைத்தார். அவர் வீட்டிற்கு எதிரிலேயே சால்ஸ்பரி கிராக்ஸ் என்னும் செங்குத்துப் பாறைமுகடு நிற்கிறது. அங்கே கரிய பாறை மணற்பாறை அடுக்குகளுக்கு இடையில் புகுந்து, ஓர் அடுக்கைப் பெயர்த்துத் தூக்கி நிற்பதை இன்றும் காணலாம். மேலிருந்து நீரில் மெல்லப் படிந்த பொருள் அப்படிப் பெயர்த்திருக்க இயலாது.

ஹட்டன் 1797இல் மறைந்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, ஜேம்சன் தம் மாணாக்கரை அழைத்துச் சென்று நிறுத்தியது இதே சால்ஸ்பரி கிராக்ஸில்தான். அங்கிருந்த கரிய பாறைச்சுவர் ஒன்றைக் காட்டி, இது மேலிருந்து வந்த படிவு நிரப்பிய பிளவு என்றார். இது கீழிருந்து உருகிய நிலையில் பாய்ந்தது என்று சொல்வோரும் உண்டு என்று கூறி ஏளனமும் செய்தார். சுற்றிலும் எரிமலைப் பாறைகள். சுவரின் இரு பக்கத்துப் படுகைகளும் சூட்டால் இறுகிக் கிடந்தன. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் டார்வினுக்கு அந்த ஏளனம் மறக்கவில்லை. அந்த விரிவுரையை நினைத்தால், நிலவியலே வேண்டாம் என்று தாம் முடிவெடுத்ததில் வியப்பில்லை என்று எழுதுகிறார்.

ஜேம்சன் வெளிக்களத்திற்கு அழைத்துச் செல்லாத ஆசிரியர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். 'மாணவர்களை வெளியே அழைத்துச் செல்லுங்கள், கற்றல் தானாக நடக்கும்' என்று பயிலரங்குகளில் நமக்குச் சொல்லப்படுவதுண்டு. அவர் அழைத்துச் சென்றார். சான்றின் முன்னாலேயே நிறுத்தினார். நிறுத்திவிட்டு, முன்பே முடிவு செய்த விடையைச் சொன்னார்.

நடுநிலையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டார்வின் பயன்படுத்திய ஜேம்சனின் கனிமவியல் கையேடு இன்றும் உள்ளது. அதில் அவர் கைப்பட எழுதிய குறிப்புகளும் உள்ளன. கற்களின் பெயர்களையும் அவற்றை இனங்காணும் வழிகளையும் அந்த வகுப்பிலும் அருங்காட்சியகத்திலுமே அவர் கற்றிருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர்கள் காட்டியுள்ளனர். வெறுத்துக்கொண்டே கற்றார் போலும். முதியவர் தம் பழைய ஆசிரியருக்குச் சற்றுக் குறைவாகவே மதிப்பெண் இட்டுவிட்டார் என்பது என் எண்ணம்.

படுக்கையறையில் மேசைகள்

மருத்துவத்தைக் கைவிட்ட மகனை, பாதிரியாராக ஆக்கலாம் என்று தந்தை கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். அங்கே 1818 முதல் நிலவியல் பேராசிரியராக இருந்தவர் ஆடம் செட்ஜ்விக். பதவியேற்றபோது அவருக்கு இத்துறையில் பெரிய பயிற்சி ஒன்றும் இருக்கவில்லை என்பது சுவையான செய்தி. கற்பித்துக்கொண்டே கற்றவர். அவர் விரிவுரைகள் புகழ்பெற்றவை. ஆனால் எடின்பரோவில் சூடுபட்ட டார்வின், தாம் அவ்விரிவுரைகளுக்குச் செல்லவே இல்லை என்று எழுதுகிறார். நல்ல ஆசிரியர் ஒருவர் அடுத்த கட்டடத்தில் இருந்தும் மூன்று ஆண்டுகள் வீணாயின. ஒரு வகுப்பில் உண்டாகும் வெறுப்பு அடுத்த வகுப்பின் கதவையும் சாத்திவிடுகிறது. ஆறாம் ஆண்டில் அறிவியலை வெறுத்துச் செல்லும் மாணவனை இடைநிலைப்பள்ளியில் யார் மீட்பது?

கதவைத் திறந்தவர் தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோ. 1831 சனவரியில் தேர்வு முடிந்தபின், நிலவியலைத் தொடங்கு என்று அவர் டார்வினை இணங்க வைத்தார். அந்தக் கோடையில் டார்வின் சாய்மானி ஒன்றை வாங்கினார். பாறைப் படுகை எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று அளக்கும் சிறு கருவி. ஷ்ரூஸ்பரியில் இருந்த தம் வீட்டில், படுக்கையறை மேசைகளையெல்லாம் வெவ்வேறு கோணங்களில் சாய்த்து வைத்து, அவற்றைப் பாறைப் படுகைகளாகக் கருதி அளந்து பழகினார்! எந்த நிலவியலாளருக்கும் குறையாத துல்லியத்தோடு அளந்திருப்பதாக அவ்வாண்டு சூலையில் ஹென்ஸ்லோவுக்குப் பெருமையடித்து மடலும் எழுதினார். அப்போது அவருக்கு 22 அகவை. பின்னர் ஊரைச் சுற்றி நடந்து, நிலப்படம் ஒன்றில் பாறைகளுக்கேற்ப வண்ணம் தீட்டிப் பார்த்தார்.

ஆகத்து மாதத் தொடக்கத்தில் செட்ஜ்விக் அவர்கள் வீட்டிற்கு வந்தார். வட வேல்ஸின் பழம்பாறைகளை ஆராயச் செல்லும் வழியில், ஹென்ஸ்லோவின் வேண்டுகோளுக்கு இணங்கி, டார்வினையும் உடன் அழைத்துச் செல்வதாக ஏற்பாடு. அன்று நடந்த ஓர் உரையாடலே இக்கட்டுரையை நான் எழுதக் காரணம்.

கூழாங்கல் குழியில் ஒரு சிப்பி

ஷ்ரூஸ்பரிக்கு அருகில் இருந்த கூழாங்கல் குழி ஒன்றில், தொழிலாளி ஒருவர் பெரிய சிப்பி ஓட்டைக் கண்டெடுத்ததாக டார்வினிடம் கூறியிருந்தார். வெப்பமண்டலக் கடலில் வாழும் வகை. விலைக்குக் கேட்டும் அவர் தரவில்லை. ஆகவே அது உண்மையாகவே குழியில் கிடைத்ததுதான் என்று டார்வின் நம்பினார். இங்கிலாந்தின் நடுவே வெப்பமண்டலச் சிப்பி! பேராசிரியர் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்துச் சொன்னார். செட்ஜ்விக்கோ, யாரோ அதைக் குழிக்குள் எறிந்திருக்க வேண்டும் என்று உடனே கூறிவிட்டார்.

அத்தோடு அவர் நிறுத்தவில்லை. அது உண்மையாகவே அந்தப் படுகையில் புதைந்து கிடந்திருந்தால், நிலவியலுக்கே பெரிய கேடாக முடியும் என்றார்; நடு இங்கிலாந்தின் மேற்பரப்புப் படிவுகளைப் பற்றி அதுவரை அறிந்தவை அனைத்தையும் அந்த ஒரு சிப்பி கவிழ்த்துவிடும் என்பது அவர் கூறிய காரணம். டார்வின் திகைத்துப்போனார். இத்தனை நூல்கள் படித்திருந்தும், அறிவியல் என்பது செய்திகளைத் தொகுத்து அவற்றிலிருந்து பொது விதிகளையோ முடிவுகளையோ காண்பது என்று தமக்கு அதற்குமுன் அவ்வளவு தெளிவாக உறைத்ததில்லை என்கிறார். செட்ஜ்விக் கூறியது சரிதான். அந்தக் கூழாங்கற்கள் பனிக்காலத்தைச் சேர்ந்தவை. பிற்காலத்தில் டார்வினே அவற்றில் உடைந்த சிப்பிகளைக் கண்டார். அவை வடதுருவக் கடல் சிப்பிகள்.

இப்பகுதியைப் படித்தபோது நான் நூலை மூடி வைத்துவிட்டேன். காரணம் உண்டு.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு, பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த புதிதில், சிலாங்கூர்க் கடலோரச் சமவெளியில் ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றினேன். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் நெகிழிப்பை நிறையச் சிப்பி ஓடுகளைக் கொண்டு வந்தான். செம்பனைத் தோட்டத்தில் வடிகால் வெட்டிய மண்வாரி இயந்திரம் அள்ளிப் போட்ட மண்ணில் கிடந்தவையாம். "சார், இங்க கடலே இல்லையே, எப்படி சார் வந்துச்சு?" என்று கேட்டான். "யாராவது கெராங் சாப்பிட்டுட்டுப் போட்டிருப்பாங்கப்பா. போய் உட்காரு" என்றேன். பாட நூலில் பக்கம் முடிக்க வேண்டியிருந்தது. அவன் பையை வகுப்பறைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போய் அமர்ந்தான்.

செட்ஜ்விக் சொன்ன விடையும் நான் சொன்ன விடையும் ஒன்றே என்பதுதான் என்னை உலுக்கியது. அவர் தம் விடைக்குக் காரணம் சொன்னார். மாணவன் கொண்டு வந்த பொருளுக்கு எவ்வளவு கனம் இருக்கக்கூடும் என்பதைக் காட்டிவிட்டே அதை மறுத்தார். நான் கனத்தைப் பார்க்கவே இல்லை.

நான் செய்திருக்க வேண்டியதை இப்போது அறிவேன். ஏறத்தாழ ஐயாயிரம் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மலாக்கா நீரிணையில் கடல் மட்டம் இன்றையதைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்தது. இன்றைய தாழ்நிலத்தின் பல பகுதிகள் அன்று ஆழமற்ற கடலாகவும் அலையாத்திக் காடாகவும் இருந்தன. ஆகவே வடிகாலுக்குச் சென்று பார்த்திருக்க வேண்டும். ஓடுகள் ஒரே மட்டத்தில் இரு கரையிலும் தொடர்கின்றனவா? இரண்டு ஓடுகளும் இணைந்தபடியே சில சிப்பிகள் கிடக்கின்றனவா? அப்படியானால் அவை வாழ்ந்த இடத்திலேயே புதைந்தவை. கடல் அங்கு இருந்ததற்குச் சான்று. மாறாக, கரியும் எலும்பும் கலந்து ஓரிடத்தில் மட்டும் குவிந்து கிடந்தால், மனிதர் தின்று எறிந்தவை. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. செபராங் பிறையில் உள்ள குவார் கெப்பாவில் வரலாற்றுக்கு முந்தைய மக்கள் தின்று குவித்த சிப்பி மேடுகள் இருந்தன. 2017இல் அங்கு ஒரு பழங்கால எலும்புக்கூடும் கிடைத்தது. 'யாராவது சாப்பிட்டுப் போட்டிருப்பார்கள்' என்னும் விடைகூட, காரணத்தோடு சொல்லப்பட்டிருந்தால், அந்தச் சிறுவனைப் பல ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கி அழைத்துச் சென்றிருக்கும்.

எனக்கு இவையெல்லாம் பயிற்சிக் கல்லூரியில் சொல்லித் தரப்படவில்லை என்று கூறித் தப்பலாம். தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று மூன்று வகையையும் எடுத்துக்காட்டுகளோடு மனப்பாடம் செய்து எழுதினோம். ஒரு கல்லையும் தொட்டதில்லை. ஆனால் சிறுவன் கேட்ட கேள்விக்கு நிலவியல் பட்டம் தேவைப்பட்டிருக்காது. எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று திருப்பிக் கேட்டிருந்தாலே போதும்.

தனியே நடந்த மாணாக்கர்

மீண்டும் 1831க்கு வருவோம். லாங்கோலன், ருதின், கான்வி, பாங்கர், காப்பெல் கியூரிக் என்று அவர்கள் பயணம் நீண்டது. மொத்தத்தில் சில நாள்களே. செட்ஜ்விக் தம் மாணாக்கரைப் பல வேளைகளில் தனியாக அனுப்பிவிடுவார். தாம் செல்லும் பாதைக்கு இணையாக வேறொரு கோட்டில் நடந்து, பாறை மாதிரிகளைக் கொண்டு வரவும் படுகைகளின் சாய்வை நிலப்படத்தில் குறிக்கவும் பணிப்பார். தமக்கு உதவியாக இருக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினார். அவ்வளவு அறியாமையில் இருந்த தம்மால் அவருக்கு உதவியிருக்க முடியாது, தம் நன்மைக்காகவே அவர் அப்படிச் செய்தார் என்று டார்வின் முதுமையில் எழுதுகிறார். அது முழு உண்மையும் அன்று. கிரீனோ என்பார் 1820இல் வெளியிட்ட நிலவியல் படத்தில், அப்பகுதியில் பழைய செம்மணற்பாறை ஒரு பட்டையாகக் காட்டப்பட்டிருந்தது. அதைத் தேடி நடந்த டார்வினுக்கு அப்பாறை கிட்டவில்லை. இல்லை என்பதும் செட்ஜ்விக்குக்குப் பயனுள்ள செய்தியே. அச்சிட்ட படத்தில் உள்ளதைத் தம் கால்களால் சோதித்து மறுக்கலாம் என்று 22 அகவை இளைஞர் அன்று கண்டுகொண்டார்.

பயணம் முடிந்து ஆகத்து 29இல் வீடு திரும்பியபோது, பீகிள் கப்பலில் உலகைச் சுற்ற வருமாறு அழைப்பு மடல் காத்திருந்தது. திசம்பர் 27இல் கப்பல் புறப்பட்டது. 1832 சனவரியில் கேப் வெர்டித் தீவுகளின் சாண்டியாகோவில் இறங்கியவுடன், கடலோரச் செங்குத்துப் பாறையில் கிடைமட்டமாக ஓடிய வெண்பட்டையைக் கண்டார். அது சிப்பியும் பவளமும் கலந்த கடற்படிவு. மேலே பாய்ந்த எரிமலைக் குழம்பால் சுடப்பட்டு இறுகியிருந்தது. கடலடியில் கிடந்தது பின்னர் மெல்ல உயர்ந்தது என்று தாமே படித்தறிந்தார். கையில் இருந்த நூல் சார்லஸ் லையெலின் நிலவியல் கோட்பாடுகள், முதல் தொகுதி. அந்தப் பயணத்தில் அவர் எழுதிய நிலவியல் குறிப்புகள், விலங்கியல் குறிப்புகளைப்போல் மும்மடங்குக்கும் மேல்!

நல்லாசிரியர் வாய்த்தால் பிழையே நேராது என்று எண்ணிவிட வேண்டா. அதே வேல்ஸ் பயணத்தில் ஆசிரியரும் மாணாக்கரும் கும் இட்வல் என்னும் மலைப்பள்ளத்தாக்கில் பல மணி நேரம் புதைபடிவங்களைத் தேடினர். சுற்றிலும் பனியாறு கீறிய பாறைகள், அது சுமந்து வந்து விட்டுச் சென்ற பெருங்கற்கள், படிவு மேடுகள். இருவரும் ஒன்றையும் காணவில்லை. பனியாறு ஒரு காலத்தில் பிரித்தானியாவை மூடியிருந்தது என்று சுவிட்சர்லாந்தின் அகாசி 1840இல் வந்து சொன்ன பிறகு, 1842இல் டார்வின் அங்கே திரும்பிச் சென்றார். தீப்பற்றி எரிந்த வீடுகூட நடந்ததை அத்தனை வெளிப்படையாகச் சொல்லாது என்று தோன்றும் அளவுக்கு எல்லாம் கண்முன் கிடந்தன. இதற்கிடையில், 1839இல், ஸ்காட்லாந்தின் கிளென் ராய் பள்ளத்தாக்கில் தெரியும் இணைகோட்டுத் திட்டுகளைப் பழைய கடற்கரைகள் என்று கட்டுரை வெளியிட்டார். அவை பனியாறு அடைத்த ஏரியின் கரைகள். தம் தவற்றைப் பிற்காலத்தில் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார்.

செட்ஜ்விக், 1859இல் தம் மாணாக்கரின் பெருநூல் வெளிவந்தபோது, அதைப் படித்து மகிழ்ச்சியைவிட வேதனையே மிகுதியாக அடைந்ததாக எழுதினார். சான்றை எடைபோடக் கற்றுக்கொடுத்தவருக்கு மாணாக்கர் எடைபோட்டுக் கண்ட முடிவு உவப்பாக இல்லை. ஆசிரியர் தொழிலில் இதுவும் அடங்கும்.

நூலைப் படித்து முடித்தபின், ஆறாம் ஆண்டு மாணவர்களோடு டார்வினின் மேசை விளையாட்டை ஆடிப் பார்த்தேன். பாகைமானியின் நடுவில் நூலைக் கட்டி, நூல் நுனியில் ஓர் இரும்பு வளையத்தைத் தொங்கவிட்டால் சாய்மானி ஆயத்தம். மேசைகளின் இரண்டு கால்களுக்கடியில் பயிற்சி நூல்களை அடுக்கிச் சாய்த்தோம். ஒரே மேசையை அளந்த இரு மாணவியருள் ஒருவருக்கு 20 பாகை வந்தது, மற்றவருக்கு 14. யார் தவறு என்று பெரிய வழக்கு. இருவரும் சரியாகவே அளந்திருந்தனர். ஒருத்தி சரிவின் போக்கிலேயே பாகைமானியை வைத்திருந்தாள். மற்றவள் குறுக்குவாட்டில் மூலையை நோக்கி வைத்திருந்தாள். குறுக்கே அளந்தால் சாய்வு குறைவாகவே காட்டும் என்பதை நிலவியல் மாணவர்கள் முதலாண்டிலேயே கற்கிறார்கள். சரி, உண்மையான சரிவு எந்தத் திசை என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். பின்வரிசையில் இருந்த ஒருவன் எழுந்து வந்து, தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து மேசையின் உச்சியில் கொஞ்சம் ஊற்றினான். தண்ணீர் நேரே வழிந்தோடி, கீழே நான் வைத்திருந்த வருகைப் பதிவேட்டை நனைத்தது.